கூதிர் காலத்தில் நந்தவனப் பணி

திருக்கோயிலுக்குள் நுழைந்து சந்நிதியின் முன் நிற்கும் அன்பர்களின் கண்களில் முதலில் படுவது இறைவன் திருமேனியில் சாத்தப்பட்டிருக்கும் மாலையேயாகும். அம்மாலையின் பூக்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. முற்காலத்தில் அவை அந்தந்தத் திருக்கோயிலின் நந்தவனத்திலிருந்தே வந்தன. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ‘திருநந்தவனப்புறம்’ என்னும் பெயரால் நந்தவனத்திற்கென்றே நிலம் விடப்பட்ட செய்தி காணப்படுகிறது. அந்நிலத்தின் விளைவைக் கொண்டு நந்தவனம் காக்கப்பட்டது. அதில் உழைத்தவர்களும் உண்டு உடுத்தனர்.

இறைபணியில் பூப்பணிக்குரிய உயர்வை அடியார் வரலாறுகள் நமக்கு உணர்த்துகின்றன. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் விடியற்காலையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகைப் பூக்களையும் தனித்தனிக் கூடைகளில் பறித்து மாலை தொடுத்தவர். வைணவ மரபிலோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்துத் தம் கையாலேயே மாலை கட்டினர். பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததும் துளசிச் செடிகளின் நடுவேதான். திருநாவுக்கரசு சுவாமிகளின் திருக்கரத்தில் எழுத்தாணியோ ஏடோ காணப்படுவதில்லை. புல் செதுக்கும் உழவாரப்படையே காணப்படுகிறது.

இவ்வரலாறுகளை அன்பர்கள் அனைவரும் அறிவர். ஆயினும் நந்தவனத்தில் எம்மாதத்தில் எவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அருகி வருகின்றனர். பங்குனி உத்திரத்திற்கும் சித்திரைத் திருவிழாவிற்கும் நந்தவனத்து மல்லிகை வேண்டுமென்றால், அதற்குரிய வேலை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நடந்திருக்க வேண்டும். பங்குனியில் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும், ஐப்பசியில் விட்ட குறையை ஈடு செய்ய இயலாது. அந்த இரண்டு மாதப் பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் இந்த இரண்டு மாதங்கள்?

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் எனப்படும். குளிர் நாடுகளில் இப்பருவத்தில் மரங்கள் இலையுதிர்த்து உறக்கத்திற்குச் செல்கின்றன. நம் நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி தொடங்கி மார்கழி முற்பகுதி வரையிலான இக்காலத்தில்தான் கிடைக்கிறது. வெயில் குறைந்து, மண் குளிர்ந்து, மல்லிகையின் பூப்பும் தானே அடங்கிவிடுகிறது. பங்குனி முதல் ஆடி வரை ஓயாமல் பூத்த செடி ஓய்வு கொள்ளும் காலம் இது. செடி ஓய்ந்திருக்கும்போது செய்யும் வெட்டும் கொத்தும் அதனை வருத்துவதில்லை.

முதல் வேலை வடிகால்

ஐப்பசி பிறக்குமுன், புரட்டாசிக் கடைசி வாரத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றுண்டு. நந்தவனத்தின் வடிகால் வாய்க்காலைத் தூர் வாருவதே அது. எளிய வேலை என்பதால் பலரும் இதனைத் தள்ளிப்போடுவர். அடியேனும் அவ்வாறு தள்ளிப்போட்டவனே.

செங்கல்பட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள சிவாலயத்தின் நந்தவனத்தில் அடியேன் பல ஆண்டுகளாகப் பணி செய்து வருகிறேன். 2015ஆம் ஆண்டு கார்த்திகையில் வடமாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க இயலாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் எங்கள் திருக்கோயிலின் வெளிப்பிராகாரம் முழுவதும் கல் பாவப்பட்டிருந்தது. முன்பு மண்ணில் இறங்கிய மழைநீர் இப்போது கல்லின்மீது ஓடி, தாழ்ந்திருந்த நந்தவனத்தின் வடகிழக்கு மூலையில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து குளத்திற்குச் செல்லும் மதகில் அடைப்பு. நீர் ஆறு நாள் நின்றது. வடிந்தபின் பார்த்தபோது மல்லிகைச் செடிகள் பசுமையாகவே நின்றன. தப்பித்தோம் என்று மகிழ்ந்தோம். பத்து நாள் கழித்து இலைகள் மஞ்சளாயின; மார்கழி முடிவதற்குள் 40 செடிகள் பட்டுப்போயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் உரிந்து, கையோடு வந்தது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் வேர் உயிர்வாழும். நீர் நின்றால் அக்காற்று வெளியேறுகிறது. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது.

மதகை அடைத்திருந்தது எது என்று பார்த்தோம். பிளாஸ்டிக் பைகளும், பழைய மாலைகளின் நைலான் நூலும், சரிகைத் தாளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் கிடந்தன. இறைவனுக்குச் சாத்திய மாலையே இறைவனின் நந்தவனத்தை அழிக்கக் காரணமாயிற்று என்பதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது. ஆனால் மாலை என்ன செய்யும்? புரட்டாசியில் மதகை ஒருமுறை திறந்து பார்க்காதது அடியேனின் பிழை.

ஆகவே வாய்க்காலைத் தூர் வாருவதோடு, முதல் மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு நந்தவனத்தைச் சுற்றி வாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதை அந்த அரைமணி நேரம் காட்டிவிடும். களிமண் நிலமாயின் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைப்பது நல்லது. மதகின் வாயில் ஒரு கம்பி வலையும் அதற்கு முன்னே வண்டல் தங்க ஒரு சிறு குழியும் இருந்தால் குளமும் தூர்ந்து போகாது.

களை எடுத்தல்

மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் களை தலைகாட்டும். ஈரம் ஒட்டாத பதத்தில் களை எடுக்க வேண்டும். மண் காலில் அப்பும் நிலையில் உள்ளே இறங்கினால் மிதிபட்ட மண் இறுகி, களையால் வரும் தீமையைவிடப் பெருந்தீமை நேரும். கோரையை மேலோடு செதுக்கிப் பயனில்லை. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் வரை ஒன்றுக்கு இரண்டாக முளைக்கும். மண்வெட்டியால் கொத்திக் கிழங்கைப் பொறுக்கியெடுக்க வேண்டும். அறுகோ, களையாயினும் விநாயகப் பெருமானுக்கு உகந்தது. அதற்கென வேலியோரம் ஒரு பாத்தியை ஒதுக்கி, பிற இடங்களில் முளைப்பதை எடுத்துவிடுவதே எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் வளைக்குள் நீர் புகுவதால் பாம்புகள் மேட்டுநிலம் தேடிவரும். புதரில் கை வைக்குமுன் கோலால் தட்டி ஓசை எழுப்புவது எப்போதும் நன்று.

செடிகளின் தூரைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழத்திற்கு மண்ணைக் கிளறிவிடுவதும் இப்போது செய்யத்தக்கது. மல்லிகை மொட்டைக் கெடுக்கும் மொட்டு ஈயின் புழு, மண்ணில் விழுந்தே கூட்டுப்புழுவாகிறது. மண்ணைக் கிளறினால் அது மேலே வரும். மைனாவும் கரிச்சானும் பிறவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

நிர்மால்யம் எருவாகும் முறை

சாத்திக் களைந்த மாலையாகிய நிர்மால்யத்தைக் காலில் மிதிக்கலாகாது, குப்பையோடு சேர்க்கலாகாது என்பது மரபு. அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விடும் வழக்கம் நீரைக் கெடுக்கிறது. செடியின் தூரிலேயே மீண்டும் சேர்ப்பதைவிடத் தகுந்த இடம் அதற்கு இருக்க முடியாது. ஐப்பசியில் குவித்தால் மாசியில் எருவாகிக் கைக்கு வரும்.

கோடையில் குழி தோண்டி மட்கச் செய்யலாம். மழைக்காலத்தில் குழி ஆகாது. குழியில் நீர் புகுந்தால் பூவும் இலையும் மட்காமல் அழுகி நாறும். ஆதலால் மேடான இடத்தில், தரைமேல் குவியலாக அமைக்க வேண்டும். நீளம் எவ்வளவாயினும் ஆகுக. அகலமும் உயரமும் ஏறத்தாழ 1 மீட்டர் இருத்தல் அவசியம். அதைவிடச் சிறிய குவியலில் வெப்பம் தங்குவதில்லை. குவியலுக்குள் உண்டாகும் அவ்வெப்பமே களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கிறது. உலர்ந்த சருகு ஓர் அடுக்கு, நிர்மால்யம் ஓர் அடுக்கு, மேலே கரைத்த சாணம் எனப் பல அடுக்குகள் இட்டு, தென்னங்கீற்றால் மூட வேண்டும். 15 நாட்களுக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டாமல், ஆனால் கை ஈரமாகும் பதம் சரியான பதம்.

இதில் பொறுமையைச் சோதிப்பது நூலைப் பிரிக்கும் வேலையே. வாழைநாரும் பருத்தி நூலும் மட்கிவிடும். நைலான் நூல், சரிகை, பிளாஸ்டிக் மணி, வண்ணத்தாள் ஆகியன மட்கா. ஒவ்வொரு மாலையாக அறுத்து அவற்றை நீக்க வேண்டும். எண்ணெய்த் திரி, கற்பூரத் துண்டு, பஞ்சாமிர்தம், அபிஷேகப் பால் ஆகியவற்றைக் குவியலில் சேர்க்கலாகாது. எலியும் எறும்பும் குடியேறும். தேங்காய் மட்டையும் நாரும் மட்க நெடுங்காலம் ஆகுமாதலால், அவற்றைத் தனியே வைத்து, கோடையில் செடிகளின் தூரில் ஈரம் காக்கும் மூடாக்காகப் பயன்படுத்தலாம். மாலை வாங்கி வரும் அன்பர்கள் வாழைநாரில் தொடுத்ததைக் கேட்டு வாங்கினால், நந்தவனத்தில் உழைப்போரின் பாதி வேலை குறையும். கேட்பவர் பெருகினால் விற்பவரும் நாரில் தொடுப்பர்.

மல்லிகைக்குக் கவாத்து

இப்பணிகளுள் மனத்தளவில் மிகக் கடினமானது கவாத்து. மல்லிகை, பழைய தண்டில் பூப்பதில்லை. புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியிலும் கணுவிலுமே மொட்டு வைக்கிறது. பழைய கிளையை வெட்டினாலன்றிப் புதுத் துளிர் அடர்ந்து வராது. கார்த்திகை இரண்டாம் வாரத்தில், அதாவது நவம்பர் கடைசி வாரம் தொடங்கி, மழை ஓய்ந்து நான்கைந்து நாள் வெயில் அடித்த ஒரு பொழுதில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலுள்ளதை வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோயுற்ற கிளை, ஒன்றையொன்று உராயும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். கத்தரி கூர்மையாக இருத்தல் வேண்டும். நசுங்கிய வெட்டின் வழியே பூசணம் புகும். வெட்டு சற்றே சாய்வாக அமைந்தால் அதன்மேல் நீர் நில்லாது.

குண்டு மல்லிகைக்குக் கார்த்திகை. ஜாதி மல்லியாகிய பிச்சிக்கு மார்கழி நடுவில், அதாவது டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்குத் தை நடுவில், ஜனவரி கடைசி வாரம். பின்னவை இரண்டையும் 45 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். மூன்றும் ஒரே குடும்பம் என்று எண்ணி ஒரே நாளில் வெட்டுவோர் உளர். அவற்றின் பூக்கும் பருவம் வேறு வேறாதலின் வெட்டும் காலமும் வேறு.

வெட்டிய செடியைப் பார்க்கச் சகியாது. இலையின்றிக் குச்சி குச்சியாக நிற்கும். மார்கழியில் அன்பர்கள் கூட்டம் மிகும் வேளையில் நந்தவனம் மொட்டையாக நிற்பதைக் கண்டு, “யார் இப்படிச் செய்தது?” என்று கடிந்துகொள்பவர்களும் உண்டு. ஓராண்டு எங்கள் குருக்கள் பெருமான், “மார்கழியில் பத்துப் பூவாவது கிடைக்குமே, பொங்கல் கழித்து வெட்டலாகாதா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தவறில்லை. மார்கழியில் கடைப்பூவின் விலை ஏறிவிடும். திருக்கோயிலின் வருவாயோ சிறிது. நாங்களும் இசைந்தோம். அவர் கேட்டபடியே மார்கழி முழுதும் நாளொன்றுக்கு ஓர் உள்ளங்கைப் பூ கிடைத்தது. பொங்கலுக்குப்பின் வேறு வேலைகள் வந்தன. கவாத்து செய்யாமலே மாசி பிறந்துவிட்டது. அவ்வாண்டு செடிகள் கொடிபோல் நீண்டு, இலை மிகுந்து, பூ குறைந்தன. சித்திரைத் திருவிழாவில் பத்து நாளும் பூக்கடையிலிருந்தே மாலை வந்தது. மறு ஆண்டு கார்த்திகையில் குருக்களே வந்து, “எப்போது வெட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

மார்கழிக்குப் பூவே இல்லாமல் போகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நந்தியாவட்டையும் அரளியும் செம்பருத்தியும் துளசியும் இருக்கின்றன. கவாத்து செய்த மல்லிகைக்குச் செடி ஒன்றுக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம் இட்டு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து, மண்ணால் மூடிவிட்டால், மாசியில் துளிர் அடர்ந்து பங்குனியில் மொட்டுக் காணும்.

அரளி பற்றி ஓர் எச்சரிக்கை

அரளியையும் இக்காலத்தில் ஓரளவு வெட்டி ஒழுங்கு செய்வர். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் ஆகிய அனைத்தும் நஞ்சு. வெட்டிய கிளைகளைக் கோசாலைப் பக்கம் போட்டுவிடுதல் கூடாது. சிறிதளவு தின்றாலும் பசு உயிர் பிழைப்பது அரிது. உலர்ந்தபின்னும் நஞ்சு நீங்குவதில்லை. எரித்தால் புகையும் தீது. தனியே குழி தோண்டிப் புதைத்துவிடுவதே பாதுகாப்பானது. வெட்டியவர் கையை நன்கு கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். களைந்த அரளி மாலையைப் பசுவுக்குக் கொடுப்பது புண்ணியம் என்று எண்ணி நீட்டும் அன்பர்களை அடியேன் கண்ணால் கண்டிருக்கிறேன். அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள்.

நடவும் பிறவும்

புதிய செடி வைப்பதற்கு ஐப்பசி ஏற்ற மாதம். நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, மல்லிகை ஆகிய யாவும் குச்சியிலிருந்தே வளரும். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியைச் சாண் நீளத்தில் வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். வேர் பிடித்த குண்டு மல்லிகையை நடும்போது, 30 செ.மீ. நீள அகல ஆழமுள்ள குழிகளை 1.25 மீட்டர் இடைவெளியில் அமைக்க வேண்டும். தொடக்கத்தில் நிலம் வெறுமையாகத் தோன்றும். ஆசைப்பட்டு நெருக்கி நட்டால் மூன்றாம் ஆண்டில் காற்றோட்டமின்றி நோய் தாக்கும்.

துளசியின் கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி நீடித்து நிற்கும். முற்றிய கதிரை உதிர்த்து விதையைத் தூவினால் மழையிலேயே முளைத்துவிடும். வில்வ மரத்தை மட்டும் இப்போது வெட்ட வேண்டாம். மாசியில் மகா சிவராத்திரிக்கு நான்கு காலப் பூசைக்கும் வில்வம் வேண்டும். கோடைத் தொடக்கத்தில் மரம் தானே இலையுதிர்த்துத் துளிர்க்கும். அர்ச்சனைக்குப் பறிப்பவர்கள் கிளையோடு ஒடிக்காமல் இலையாகப் பறிப்பதே போதுமானது.

வெறுமையாகக் கிடக்கும் பாத்தியில் சணப்பை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி மண்ணோடு சேர்த்துவிட்டால் அதுவே நல்ல உரம். நீர் தேங்கும் இடமாயின் சணப்பைக்கு மாற்றாகத் தக்கைப்பூண்டு. 2015இல் மல்லிகை அழிந்த எங்கள் வடகிழக்கு மூலையில் ஈராண்டுகள் தக்கைப்பூண்டே விதைத்தோம். பின்பு மண்ணை உயர்த்தி நந்தியாவட்டை வைத்தோம். இன்று காலைப் பூசைக்கு வெண்பூ அங்கிருந்தே வருகிறது.

இல்லங்களில் துளசி மாடமும் பூந்தொட்டியும் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இம்முறைகளே பொருந்தும். தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று மழைக்கு முன்பே ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வையுங்கள். மேல்மண்ணில் கால்பங்கை எடுத்துவிட்டு மட்கிய எருவை இடுங்கள். தொட்டியில் உள்ள மல்லிகைக்கும் கார்த்திகையில் கவாத்து உண்டு.

உழவாரப் பணிக்கு வர விரும்புவோர் தத்தம் ஊர்த் திருக்கோயில் அலுவலகத்தில் கேட்டு, நந்தவனப் பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற்று வருதல் வேண்டும். மண்வெட்டி, களைக்கொத்து ஆகியன பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நூல் அறுக்க ஒரு சிறு கத்தரியும், நீக்கிய நைலானைப் போட ஒரு சாக்கும் கொண்டுவந்தால் போதும்.